எக்ஸ்சேஞ்ச்: சந்தையா, அலுவலகமா, இணைப்பகமா?

நோயாளியின் மருத்துவத் தகவலை மருத்துவமனைகளும் மருத்துவர்களும் கணினி வழியாகத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் 'ஹெல்த் இன்ஃபர்மேஷன் எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். இந்தத் தொடரில் முதல் இரண்டு சொற்களை எப்படியோ சமாளித்துவிடலாம். மொழிபெயர்ப்பவரைத் திணற வைப்பது மூன்றாவது. எக்ஸ்சேஞ்சுக்குத் தமிழில் ஏற்கெனவே எத்தனை பெயர்! ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்றால் பங்குச் சந்தை. எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் என்றால் வேலைவாய்ப்பு அலுவலகம். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்றால் தொலைபேசி இணைப்பகம். பழைய மிக்சியைக் கொடுத்துப் புதியதை வாங்கும்போது மட்டும் வெறும் எக்ஸ்சேஞ்ச். அதற்குத் தமிழே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நமக்கு வேண்டிய எக்ஸ்சேஞ்ச் எந்த வகை? பொருள் தெரிந்தால்தான் பெயர் வைக்க முடியும்.

அமெரிக்காவின் டெலாவேர் சின்ன மாநிலம். அங்கே 1997-இல் சட்டம் போட்டு 'டெலாவேர் ஹெல்த் இன்ஃபர்மேஷன் நெட்வொர்க்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அது வேலை செய்யத் தொடங்கியது 2007-இல்தான். இடைப்பட்ட பத்தாண்டு எதற்கு? மருத்துவமனைகளும் பரிசோதனைக் கூடங்களும் மருத்துவர்களும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். அவர்களை ஒரே வலையில் சேர்க்க வேண்டும். ஆளுக்கொரு மென்பொருள் வைத்திருப்பவர்களை ஒரே மொழியில் பேச வைக்க வேண்டும். அதன் பிறகுதான் ஒரு கூடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு, தொலைநகலோ தபாலோ இல்லாமல் மருத்துவரின் கணினிக்குப் போகும். மாநிலம் முழுவதற்குமாக இயங்கத் தொடங்கிய முதல் அமைப்பு என்று அதைச் சொல்வார்கள். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு மாவட்ட அளவில் எடுத்த இதே போன்ற முயற்சியோ 2006-இல் மூடப்பட்டது. மருத்துவப் பதிவுகளைக் கணினிக்குக் கொண்டுவர 2009-இல் வந்த ஹைடெக் என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் மாநிலங்களுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் ஏறத்தாழ 55 கோடி டாலர் பிரித்துக் கொடுத்தபோதுதான் எக்ஸ்சேஞ்ச் என்ற இந்தச் சொல் நாடு முழுக்கப் பரவியது.

பரவும்போதே குழப்பமும் கூடவே வந்தது. தகவல் போய் வருகிற செயலுக்கும் அதே பெயர், அதை நடத்துகிற அமைப்புக்கும் அதே பெயர். 2008-இல் அமெரிக்க அரசுக்காகத் தயாரித்த ஓர் அறிக்கை இதைப் பிரிக்கப் பார்த்தது: செயல் என்றால் 'எக்ஸ்சேஞ்ச்', அமைப்பு என்றால் 'ஆர்கனைசேஷன்'. யாரும் பொருட்படுத்தவில்லை. இன்றும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் அந்தத் தவறைச் செய்ய வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

சொல்லின் வேர் பண்டமாற்றில் இருக்கிறது. பிற்கால லத்தீனில் 'காம்பியாரே' என்றால் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுவது. அது கெல்டிக் மொழியிலிருந்து வந்தது என்பார்கள். முன்னால் 'எக்ஸ்' சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பிறகு வணிகர்கள் கூடும் கட்டடத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லண்டனின் ராயல் எக்ஸ்சேஞ்சை 1571-இல் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். 1878-இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் 21 சந்தாதாரர்களோடு முதல் வணிகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் வந்தபோது பொருள் இன்னொரு முறை புரண்டது. அங்கே யாரும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. பலகையில் கம்பியைச் செருகி இவரை அவரோடு சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இனி நம் சொற்கள். அகராதியைத் திறந்தால் முதலில் கைக்கு வருவது 'பரிமாற்றம்'. மோசமில்லை. ஆனால் 'மாற்று' என்ற அடி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. உமணர் என்ற பழங்கால உப்பு வணிகர் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கினால் உப்பு அவர் கையில் இருக்காது. மருத்துவமனை தன் அறிக்கையைக் காட்டினால் அறிக்கை அங்கேயேதான் இருக்கும். 'பரிமாறு' என்றால் பந்தியில் சோறு பரிமாறுவதும்தான், இலையில் உட்கார்ந்தவர் எதையும் திருப்பித் தர வேண்டாம். அது ஓரளவு பொருந்துகிறது என்று தோன்றும். ஆனால் அங்கேயும் சாம்பார் வாளி காலியாகிவிடும்.

'பரிவர்த்தனை' வேண்டவே வேண்டாம். வங்கிக் குறுஞ்செய்தியில் பார்த்துப் பழகிய சொல் அது. என் சர்க்கரை அளவை யாருக்கோ விற்கிறார்களோ என்று படிப்பவர் பயப்படுவார். 'சந்தை'யும் அதே காரணத்தால் அடிபடுகிறது.

செயலுக்கு 'பகிர்வு' நல்ல சொல். பகு, பகிர் என்றால் துண்டாக்கிப் பங்கிடுவது. ஒரு காலத்தில் பகிர்ந்தால் குறையும். முகநூலும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகு, தன்னிடம் இருப்பது குறையாமல் பிறருக்குத் தருவது என்ற பொருள் அதற்கு இயல்பாகவே வந்துவிட்டது. கூட்டிச் சொல்லும்போது முன்னொட்டு எது என்பதும் யோசிக்க வேண்டியதே. 'சுகாதாரம்' என்றால் தமிழ்நாட்டில் பலருக்குச் சாக்கடையும் கொசு மருந்தும் நினைவுக்கு வரும். 'நலம்' போட்டால் நலத்திட்டத்தோடு கலந்துவிடும். உள்ளே இருப்பவை பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி. ஆகவே 'மருத்துவத் தகவல் பகிர்வு'.

அமைப்புக்கு என் வாக்கு 'மருத்துவத் தகவல் இணைப்பகம்'. தொலைபேசிக்காரர்கள் செய்து கொடுத்த சொல், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பல மாநிலங்களில் நடுவில் இருப்பது ஏறக்குறைய அந்தப் பலகைதான்: இந்த நோயாளியின் பதிவு எங்கே இருக்கிறது என்று மட்டும் அதற்குத் தெரியும், கேட்டால் சேர்த்துவிடும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இண்டியானாவில் ஒவ்வொரு நிறுவனத்தின் தரவும் தனித்தனிப் பெட்டகமாக மையத்தில் இருக்கிறது. அதைப் பகிர்வுக் களஞ்சியம் என்றாலும் தப்பில்லை. ஆனால் பொதுப்பெயராக இணைப்பகம் இரண்டையும் தாங்கும்.

இன்னும் மூன்று சொல் பாக்கி. நியூயார்க்கில் நோயாளி எழுதிக் கையெழுத்திட்டால்தான் மருத்துவர் அவருடைய பதிவைப் பார்க்கலாம். மேரிலாந்தில் 'வேண்டாம்' என்று சொல்லாதவரை பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஆப்ட்-இன், ஆப்ட்-அவுட். இரண்டையும் 'ஒப்புதல் முறை' என்றே எழுதிவிட்டால் படிவத்தை நிரப்புகிறவர் ஏமாந்துபோவார். முதலாவதை 'முன்னொப்புதல்' என்றும், இரண்டாவதை 'விலகல் உரிமை' என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் பேசாமல் இருப்பதே சம்மதமாகிவிடுகிறது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

நினைவிழந்து கொண்டுவரப்பட்டவரிடம் கையெழுத்து வாங்க முடியாது. அப்போது மருத்துவர் காரணத்தைக் குறித்துவிட்டு நேராக அவருடைய பதிவைத் திறக்கலாம். யார் எப்போது திறந்தார் என்பது பதிவாகிவிடும். பிறகு கேள்வியும் வரும். தீயணைப்பு மணியின் கண்ணாடியை உடைப்பதை வைத்து 'பிரேக் தி கிளாஸ்' என்கிறார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ஆஸ்பத்திரி ஜன்னலை யாரோ நொறுக்கிய மாதிரி இருக்கும். 'அவசரத் திறப்பு' என்று எழுதினால் போதும்.