துருப்பிடிக்காத போல்ட் செய்கிற வேலை

குமரி மாவட்டம் முட்டத்தைச் சேர்ந்த ஒரு தம்பி வளைகுடாவில் பாய்ப்படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறார். விடுப்பில் ஊருக்கு வந்தபோது கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். பழைய பாய்ப்படகு ஒன்றின் கேபினுக்குள் இருக்கும் மேசை. பகலில் உயர்த்தி வைத்துச் சாப்பிடலாம். ராத்திரி இருக்கை மட்டத்துக்கு இறக்கி மெத்தையைப் போட்டால் கட்டில். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்கள்தான் அதன் கால். வேண்டிய உயரத்தில் இறுக்கி நிறுத்த ஒரு எஸ்.எஸ். போல்ட், அதாவது துருப்பிடிக்காத எஃகு போல்ட். அந்தக் கால் இப்போது ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்கிறது.

“சுத்தியலால அடிச்சும் பாத்தாச்சு சார். போல்ட்டுல ஒரு பொட்டுத் துரு இல்ல. கேபினுக்குள்ள கடல் தண்ணியும் ஏறல. அப்புறம் எப்படி இறுகிச்சு?”

துரு இல்லாத அந்தப் போல்ட்டில்தான் சங்கதி இருக்கிறது.

பள்ளியில் எலுமிச்சம்பழத்தில் செப்புக் கம்பியும் துத்தநாக ஆணியும் செருகி மின்கலம் செய்திருப்போம். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் மின்சாரம் கடத்தும் திரவம், அவ்வளவுதான். எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும். இங்கே கரைவது அலுமினியம். அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் காப்பாக ஓர் ஆக்சைடு படலம் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு அதை அங்கங்கே துளைத்துவிடும். துளை வழியே அலுமினியம் விடும் எலக்ட்ரான்கள் போல்ட்டுக்குப் போகின்றன. போல்ட்டின் மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. போல்ட் இடம் கொடுப்பதோடு சரி, அது எதையும் இழப்பதில்லை. அதனால்தான் பக்கத்தில் இருப்பதை அரிக்கவிட்டு அது மட்டும் பளபளவென்று இருக்கிறது.

சரி, கடல்நீர் ஏறாத கேபினுக்குள் திரவம் எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மழைக்காலத்தில் நம் குமரி மாவட்டத்துப் புத்தளம் கல்லுப்பை ஜாடியில் போட்டு வைத்துப் பாருங்கள், அடியில் நீர் கசிந்து நிற்கும். யாரும் ஊற்றிய தண்ணீர் அல்ல அது. உப்பு காற்றிலிருந்து இழுத்தது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் நீரை உறிஞ்சித் தானே கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கன்னியாகுமரிக் கடற்கரையில் காற்று அந்த அளவுக்கு வறள்வது அபூர்வம். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று உள்ளே கொண்டுவருகிறது. குழாய் இடுக்கில் அந்த உப்பு படிந்துவிட்டால் இடுக்கு முழுக்கக் காய்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம், ராத்திரி பகல் ஓடும் மின்கலம். கேபினைப் பூட்டி வைத்தாலும் நிற்காது.

அலுமினியம் கரைந்து என்ன ஆகிறது? வெள்ளைப் பொடியாக, அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. கரைந்த உலோகத்தைப் போல இது மூன்று மடங்குக்கு மேல் இடம் கேட்கும். குழாய்களுக்கு நடுவே உள்ள இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பொடி அதை நிறைத்து ஆப்பு அடித்தது மாதிரி பிடித்துக்கொள்கிறது. சுத்தியலால் அடித்தால் மெத்தென்ற அலுமினிய விளிம்பு நசுங்கி இன்னும் இறுகும்.

ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒருநாள் பொறுக்க வேண்டும். அப்புறம் வெளிக்குழாய் மேல் மட்டும் கொதிநீர். 60 மி.மீ. விட்டமுள்ள குழாய் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.08 மி.மீ. விரியும், உள்குழாய் சூடாவதற்குள் இடவலமாகத் திருக வேண்டும், இழுக்கக் கூடாது. பொடியை நைலான் நாரால் தேய்க்கலாம். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து ஆளுக்கொரு மின்கலம் ஆகும். கிராஃபைட் கிரீஸும் கூடாது, கிராஃபைட்டும் எஸ்.எஸ். மாதிரியே அலுமினியத்தை அரிக்கவிடும். லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கிரீஸ் நல்லது. போல்ட் அலுமினியத்தைத் தொடாதபடி நைலான் குழலும் வாஷரும் போட்டால் மின்சுற்று அறுந்துவிடும்.

“படகு அடியில புது ஜிங்க் மாட்டியிருக்கே, அது காப்பாத்தாதா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. குளச்சலில் அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஜிங்க், அதாவது துத்தநாகத் துண்டு தெரியும். எஞ்சினுக்குப் பதிலாக அது கரையும். 1824-லேயே வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி கப்பலின் செப்புத் தகட்டை இப்படிக் காத்துக் காட்டினார். ஆனால் ஜிங்கும் காக்கப்படும் உலோகமும் ஒரே நீரில் நனைந்திருக்க வேண்டும். கடலுக்குள் இருக்கும் ஜிங்குக்குக் கேபின் மேசையின் ஈரத்தோடு தொடர்பே கிடையாது.

படகில் போல்ட் அடிக்கடி முறிந்தால் கண்ணு பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டுகிற கை அந்தப் போல்ட்டைக் கழற்றியும் பார்க்க வேண்டும். நடுக்கடலில் உயிர் அதை நம்பித்தான் இருக்கிறது. 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்துச் சோதித்திருக்கிறது. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை இத்தனை படகுகள் நிற்கும் நம் கரைக்கும் அப்படி ஒரு நிலையம் வேண்டும். அரிப்பு ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது ராக்கெட்டுக்கு ஒதுக்குவதைப் போலவே அவசியம் என்று நினைக்கிறேன்.

தம்பி திரும்பிப் போய் ஒரு படம் அனுப்பினார். மூன்றாம் நாள் கால் கழன்றுவிட்டது. கீழே விரித்த செய்தித்தாளில் ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடி. போல்ட் ஓட்டையைச் சுற்றி அலுமினியம் குழிகுழியாக அரித்திருந்ததால், ஓர் அங்குலம் தள்ளிப் புது ஓட்டை போட்டிருக்கிறார்.