பைக் செயின் நீண்டுச்சுன்னா ரெண்டு லிங்க் (கண்ணி) வெட்டுன்னு சொல்றவங்களுக்கு

இந்த மாசத்துல மட்டும் இப்படி செயின் அந்து வர்றது இது மூணாவது வண்டிங்க. திங்கக்கெழம விடியக்காலம் நாலு மணிக்கு போன், காசிமேட்டுல மீன் எடுத்துட்டு திருவொத்தியூர் பக்கம் போற ஒரு பெரியவர், 82 மாடல் புல்லட்டு, டோல்கேட் கிட்ட போறப்போ பின் சக்கரம் அப்படியே லாக் ஆகி இழுத்துட்டு போயிருக்கு. பின்னாடி கண்டெய்னர் லாரி எதுவும் வரல, அவருக்கு நல்ல நேரம். முட்டி தேஞ்சதோட போச்சு. மீன் பெட்டி ரோடு பூரா. வண்டிய குட்டி யானையில ஏத்தி கடைக்கு கொண்டாந்து பாத்தா செயின் அந்து, முன் பல்லு சக்கரத்துல சுருண்டுக்கினு, கிளச்சுக்கு பின்னாடி இருக்குற உள் கேஸை பொளந்து வெச்சிருக்கு. பழைய புல்லட்டோட கேஸு, கெடைச்சா அதிர்ஷ்டம், இல்லன்னா அலுமினியம் வெல்டிங்.

"இன்னா நைனா, செயின் கடைசியா எப்ப மாத்துன"ன்னு கேட்டேன். "எதுக்குப்பா மாத்தணும், போன வாரந்தான் தொங்குதுன்னு சொல்லி ரெண்டு லிங்க் வெட்டி டைட் பண்ணாங்க, நூத்தம்பது ரூவாதான் ஆச்சு"ன்றாரு. எந்தக் கடைன்னு நான் கேக்கல, கேட்டு என்ன ஆவப் போவுது, எல்லா ஏரியாவுலயும் இதான் நடக்குது.

தயவு செஞ்சு இத ஒரு தடவ பொறுமையா படிங்க. செயின் இரும்பு ரப்பர் பேண்டு இல்ல. "இழுத்துக்கிச்சு"ன்னு நாம வாய்ல சொல்றோம், ஆனா பட்டை ஒண்ணும் இழுபடல. லிங்க்க கோக்குற பின்னுன்ற சின்ன இரும்புக் குச்சியும் அது சுத்துற புஷ்ஷுன்ற குழாயும் ஒண்ண ஒண்ணு தேய்ச்சுக்குது, பின் ஒல்லியாவுது, புஷ் ஓட்ட பெருசாவுது, அந்த இடைவெளி ஒவ்வொரு லிங்க்கா சேந்து சேந்துதான் மொத்தமா நீளமா தெரியுது. பெரியவர் செயினை கழுவி டேப் வெச்சு பாத்தேன். புது செயின்ல இருபது லிங்க் 317.5 மில்லிமீட்டர், இது 328. அதாவது லிங்க்குக்கு அரை மில்லி. நூறு லிங்க்குக்கு அம்பது மில்லி, கிட்டத்தட்ட மூணு லிங்க்கு நீளம் ஜாஸ்தி. இதுல ரெண்ட வெட்டி எடுத்தா மொத்த நீளம் கொறையும், சரி, மிச்சம் இருக்குற தொண்ணூத்தெட்டு லிங்க்கும் அதே அரை மில்லி அதிகமாத்தானே இருக்கு? பல்லு சக்கரத்துல பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல தூரம் மாறுமா? மாறாது. அப்போ செயின் பள்ளத்துல உக்காராம பல்லு மேல ஏறும், இருக்குற பல்லு எல்லாம் சேந்து இழுக்க வேண்டிய லோடை ஒண்ணு ரெண்டு பல்லே இழுக்கும். வேட்டி கிழிஞ்சா ஓரத்த வெட்டிக் கட்டுற மாதிரிதான் இதுவும், கிழிசல் நடுவுலயே கெடக்கும். லிங்க் வெட்டுறது ரிப்பேர் இல்லங்க. வெட்டுற நெலமைக்கு வந்துச்சுன்னாலே அந்த செயின் செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

செக் பண்றதுக்கு மெக்கானிக்கே வேணாம். பின் பல்லு சக்கரத்துக்கு பின்பக்கம், அதாவது செயின் சுத்தி வளையுற எடத்துல, நடு லிங்க்கை ரெண்டு விரலால புடிச்சு பின்னாடி இழுங்க. நல்ல செயின் அசையாது. பாதி பல்லு தெரியுற அளவுக்கு வெளிய வந்துச்சுன்னா முடிஞ்சுது. சந்தேகமா இருந்தா அளந்துடுங்க, மண்ணெண்ணெய்ல கழுவி, இழுத்துப் புடிச்சு, ஒரு பின்னோட நடுவுலேர்ந்து, அத ஒண்ணுன்னு எண்ணி, இருபத்தி ஒண்ணாவது பின்னோட நடு வரைக்கும். புல்லட்டுக்கு 324 தாண்டினா தூக்கிப் போடுங்க. ஆர்எக்ஸ் 100 மாதிரி 428 சைஸ் செயினுக்கு புதுசுல 254, கடைசி எல்லை 259. அழுக்கோட அளந்துட்டு வந்து "கரெக்டாதான் இருக்கு"ன்னு சொல்றாங்க, கிரீஸும் மண்ணும் கெட்டியாகி லிங்க்கை புடிச்சு வெச்சிருக்கும்பா, கழுவிட்டு அளங்க. பல்லையும் பாருங்க, சுறா முதுகு துடுப்பு மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு கூரா நின்னா அதுவும் போச்சு.

இங்க தான் இன்னொரு திருட்டு வேல நடக்குது. செயினும் பின் பல்லு சக்கரமும் மட்டும் மாத்திட்டு "செட்டு மாத்தியாச்சு"ன்னு சொல்லுவாங்க. பழைய புல்லட்ல முன் பல்லு சக்கரம் பிரைமரி கேஸுக்கும் (கிளச்ச மூடியிருக்குற பெட்டி) கிளச்சுக்கும் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், அத வெளிய எடுக்க ஆயில் வடிக்கணும், கவர் கழட்டணும், கிளச்ச மொத்தமா எறக்கணும், அரை நாள் வேல. அதனால யாரும் தொட மாட்டாங்க. அது சின்ன சக்கரம், பெருச விட ரெண்டு மடங்குக்கு மேல சுத்துது, அதான் மொதல்ல தேயும். தேஞ்ச பல்லு மேல புது செயினப் போட்டா ஆறு மாசத்துல புதுசும் பழசாயிடும். மூணும் ஒண்ணா மாத்துங்க, கழட்டுன பழைய முன் பல்லு சக்கரத்த கைல வாங்கிப் பாருங்க. குடுக்கலன்னா மாத்தலன்னு அர்த்தம். அப்படியே கிளச்சு பக்கம் தொறந்திருக்குறப்போ எஞ்சின்லேர்ந்து கிளச்சுக்கு ஓடுற பிரைமரி செயினையும் ஒரு பார்வை பாக்க சொல்லுங்க, தனியா அதுக்கு இன்னொரு வாட்டி தொறக்க வேணாம்.

நம்ம ஏரியாவுக்கு இது டபுள் தொல்ல. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் உப்புக் காத்து, ஐஸ் தண்ணி, லாரி தூசி, மழை வந்தா முட்டி வரைக்கும் தண்ணி. இதுக்கு மேல எஞ்சின்லேர்ந்து எடுத்த வேஸ்ட் ஆயில செயினுக்கு ஊத்துறாங்க. அதுல இரும்புத் தூளும் கரியும் இருக்குங்க, உப்புத்தாள் வெச்சு தேய்க்கிற மாதிரி. எனக்கு தொழில் சொல்லிக் குடுத்த அண்ணன் டப்பாவுல கிரீஸ உருக்கி செயின ஊற வெப்பாரு, அவ்ளோ மெனக்கெட இப்ப யாருக்கும் நேரமில்ல, சரி. 90 நம்பர் கியர் ஆயிலாவது ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவ உள்பக்கமா விட்டு, மிச்சத்த தொடச்சிடுங்க. தண்ணியில ஓட்டுனா அன்னிக்கே.

மாட்டுறப்போ செயின் லாக்கோட, அதாவது ரெண்டு முனையையும் சேத்துப் புடிக்கிற கிளிப்போட, மூடின முனை செயின் ஓடுற தெச பாத்து இருக்கணும், வாய் தொறந்த பக்கம் பின்னாடி. மேல் ஓட்டத்துல பாத்தா மூடின பக்கம் முன் பல்லு சக்கரத்த பாக்கும், கீழ பாத்தா உல்ட்டா, இங்கதான் கொழம்புவாங்க. பெரியவர் வண்டியில லாக் ஒடஞ்ச ஒரு துண்டு செயின் கார்டு உள்ளயே மாட்டியிருந்துச்சு, தேஞ்ச தெசைய வெச்சுப் பாத்தா தலகீழா போட்டிருக்காங்க. ஸ்லாக், அதாவது செயின் மேலயும் கீழயும் ஆடுற அளவு, நடுவுல 25லேர்ந்து 30 மில்லி, சக்கரத்த சுத்திச் சுத்தி நாலு எடத்துல பாத்து இருக்குறதுலயே டைட்டான எடத்துல வைங்க. செயின டைட் பண்ண அச்சுல இருக்குற நத்தை கேம்ல ரெண்டு பக்கமும் ஒரே பள்ளமான்னு எண்ணுங்க, ஆனா நாப்பது வருஷ வண்டியில அத அப்படியே நம்பாதீங்க, ஒரு நூலு புடிச்சு பாத்துடுங்க. சக்கரம் பின்னாடி நகந்தா பிரேக் ராடும் இறுகும், அத லூஸ் பண்ண மறந்துட்டு டிரம்மு சூடாவுதுன்னு எங்கிட்டயே வந்து நிக்கிறாங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சின ஆன் பண்ணி, கியர்ல விட்டு, துணிய வெச்சு செயின் தொடைக்காதீங்க. துணி மாட்டுச்சுன்னா கை அது கூடவே போயிடும், ரெண்டு பேரோட விரல் நுனி இப்படி போனத கண்ணால பாத்துட்டேன். ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல, கையால சக்கரத்த சுத்துங்க. நேரம் ஆனா ஆவட்டும்.

பெரியவருக்கு கேஸு தேடிக்கினு இருக்கோம், பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டையில ரெண்டு கடை வரச் சொல்லியிருக்காங்க. செயினுக்கு டயமண்ட் கம்பெனியோ ரோலான் கம்பெனியோ சீல் பிரிக்காத பெட்டியா வாங்கிக் குடுத்துட்டாரு, முன் பல்லு சக்கரமும் சேத்து. நேத்து வந்த பெரியவரு பாக்கெட்ல கைய வுட்டு வேற வண்டியில கழட்டுன ஒரு பழைய லாக்க எடுத்து "இத போட்டுக்கோப்பா, நல்லாத்தான் கீது"ன்னு நீட்டுறாரு. வாங்கி சாக்கடையில போட்டேன்.