காஸ் மார்க்கெட்டிங்: தமிழில் மகமை வணிகம்

ஒவ்வொரு விற்பனையிலிருந்தும் ஒரு சிறு தொகையை நல்ல காரியத்துக்கு ஒதுக்குகிறோம் என்று ஒரு நிறுவனம் அறிவித்து, அதை வைத்தே வாடிக்கையாளரையும் இழுக்கிறது. இதற்குப் பெயர் காஸ் மார்க்கெட்டிங் (cause marketing). இங்கே 'காஸ்' என்பது காரணம் அல்ல, பொதுநலப் பணி. அதைக் கவனிக்காமல் 'காரணச் சந்தைப்படுத்தல்' என்று எழுதினால் ஒன்றும் விளங்காது.

இந்தப் பெயரைப் பரப்பியது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கடன் அட்டை நிறுவனம். 1983இன் கடைசி மூன்று மாதங்களில், அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறைக்கும் 1 சென்ட், புதிதாக அட்டை வாங்கினால் 1 டாலர் என்று சுதந்திர தேவி சிலையைப் பழுதுபார்க்க ஒதுக்கியது. சேர்ந்தது 17 லட்சம் டாலர். அட்டைப் பயன்பாடு கால் பங்குக்கு மேல் ஏறியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமை. தர்மமும் நடந்தது, வியாபாரமும் நடந்தது.

இன்னும் ஒரு படி போனது 1985இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய வொர்க்கிங் அசெட்ஸ் என்ற நிறுவனம். இன்று கிரெடோ மொபைல் என்று அறியப்படுவது இதன் தொடர்ச்சிதான். கடன் அட்டையைப் பயன்படுத்தும்போதெல்லாம் சில சென்ட், தொலைபேசிக் கட்டணத்தில் 1 சதவீதம் என ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தை எந்த அமைப்புகளுக்கு எப்படிப் பிரிப்பது என்பதில் வாடிக்கையாளர்கள் வாக்களித்தார்கள். எனக்குப் பிடித்தது இந்த ஏற்பாடுதான். எப்படியும் கட்டப்போகிற போன் பில்தானே!

இதை சி.எஸ்.ஆரோடு, அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவோடு, குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அது லாபத்திலிருந்து போவது. நாம் பேசுவது விற்பனையோடு கட்டிய பணம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நோக்கம் சார்ந்த சந்தைப்படுத்தல்' என்பது அகராதிக்குள்ளேயே தூங்கும். நம்மிடம் 'மகமை' இருக்கிறது. வணிகர்கள் கூடிப் பேசி, மூட்டைக்கு இவ்வளவு, ரூபாய்க்கு இவ்வளவு என்று கோயிலுக்கும் பள்ளிக்கும் எடுத்துவைக்கும் பணம். தென்மாவட்ட மண்டிகளின் சிட்டையில் கமிஷன், கூலியோடு மகமைக்கும் ஓர் இடம் இருக்கும். விருதுநகர் நாடார் வணிகர்கள் இந்தப் பணத்தில் நடத்திய சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார்.

வழக்கம் அதைவிடப் பழையது. சிவகங்கை மாவட்டப் பிரான்மலைக் கோயில் கல்வெட்டில், வணிகக் குழுக்கள் உப்பு, நெல், மிளகு, பாக்கு என்று சரக்குவாரியாகக் கோயிலுக்கு ஒதுக்கிய தொகை வரிசையாக இருக்கிறது. அதற்கு அன்று பெயர் 'பட்டணப்பகுடி'. கேட்க அழகான சொல், ஆனால் இன்று யாருக்கும் புரியாது.

மகமையில் சாதி வாடை அடிக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. உறவின்முறைகள் என்ற சாதிச் சங்கங்கள் வழியாக வளர்ந்ததால் வந்த வாடை அது. சொல்லின் பொருளில் சாதி இல்லை. வேறொரு வித்தியாசம்தான் கவனிக்க வேண்டியது: மகமை பலர் கூடி வைப்பது, காஸ் மார்க்கெட்டிங் ஒரே நிறுவனம் தன் விற்பனைக்காகச் செய்வது. அதனால் வெறுமனே 'மகமை' என்று நிறுத்தாமல் 'மகமை வணிகம்' என்பேன். ஒதுக்கும் பணம் மகமை, அப்படித் தரும் அட்டை மகமை அட்டை. "இந்த பில்லில் மகமை எவ்வளவு, யாருக்குப் போகிறது?" என்று கடையில் கேட்டாலும் உறுத்தாது.