பொல்லாக்கின் கோடுகள் ஏன் சுருளவில்லை?

அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியத்தில் ஆள் இல்லை, மரம் இல்லை, வெறும் பெயின்ட் கோடுகள்தான், அதில் எப்படி இவ்வளவு வேகம் தெரிகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் பெயின்டின் பாகுத்தன்மையில், அதாவது ஓட மறுக்கும் அதன் குழைவில் இருக்கிறது.

1947 வாக்கில் பொல்லாக் கேன்வாஸைத் தரையில் விரித்து, குச்சியிலிருந்தும் காய்ந்து விறைத்த தூரிகையிலிருந்தும் பெயின்டை ஒழுகவிட்டு வரைய ஆரம்பித்தார். குச்சி பெரும்பாலும் துணியைத் தொடாது. இடையில் காற்றில் தொங்குவது ஒரு திரவ இழை மட்டும்.

அந்த இழைதான் அழகு! கரண்டியிலிருந்து தேனை ஊற்றிப் பாருங்கள், தட்டைத் தொடும் இடத்தில் கயிறு மாதிரி சுருண்டு சுருண்டு விழும். ஈர்ப்பு விசையால் வேகமெடுத்து வந்த இழை தட்டில் சட்டென்று நின்றாக வேண்டும், மேலே இருந்து வருவதோ தள்ளிக்கொண்டே இருக்கிறது, நெருக்குண்ட மெல்லிய இழைக்கு வளைவதைத் தவிர வழியில்லை, அந்த வளைவு அப்படியே வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடுகிறது. சரி, கரண்டியைப் பக்கவாட்டில் நகர்த்தினால்? மெதுவாக நகர்த்தினால் சுருள்கள் வரிசையாக விழும். கொஞ்சம் வேகம் கூட்டினால் நெளிகோடு. கையின் வேகம் இழை விழும் வேகத்தைத் தாண்டிவிட்டால் நெளிவு மறைந்து, இழை இழுபட்டு வழவழப்பான கோடாகும். இன்னும் வேகம் கூடினால் கோடு மெலியும். அதாவது கை எங்கே பாய்ந்தது, எங்கே தயங்கியது என்பதெல்லாம் கோட்டிலேயே பதிவாகிவிடுகிறது.

திரவ இயக்கவியல் ஆய்வாளர் ராபர்ட்டோ செனித் குழுவினர் பொல்லாக் வரையும் பழைய படச்சுருளிலிருந்து கையின் வேகத்தையும் உயரத்தையும் கணக்கிட்டு, சோதனைகளும் செய்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள்: சுருள் விழாத அளவிலேயே அவர் கை பெரும்பாலும் இயங்கியிருக்கிறது. ஏதோ சக்தி உள்ளே புகுந்து ஆட்டிவைத்தது என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது, இது பழகிப் பழகி வந்த கட்டுப்பாடு. ஓவியத்தை ஆராய எதற்குப் பணம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், முப்பரிமாண அச்சில் குழைவான பொருளை இழையாக இறக்கும்போது வருவதும் இதே சுருள் சிக்கல்தான். இப்படிப்பட்ட ஆய்வுக்குத் தாராளமாகவே பணம் ஒதுக்கலாம்.

அப்புறம் இன்னொன்று. 1936-ல் நியூயார்க்கில் மெக்சிகோ ஓவியர் சிக்கெய்ரோஸ் நடத்திய பட்டறையில் பொல்லாக்கும் இருந்தார். சிக்கெய்ரோஸ் அடர்த்தி குறைந்த பெயின்ட் மேல் அடர்த்தி கூடியதை ஊற்றுவார், மேலே இருப்பது அமிழ, கீழே இருப்பது பீறிட்டுக் கிளம்ப, கண் கண்ணாக வடிவங்கள் தானாகவே உருவாகும். சுருளும் இதுவும் வேறு வேறு வகை, ஆனால் இரண்டிலும் திரவம் நிலைகுலைந்து தானாக வடிவெடுக்கிறது. அப்படிப்பட்ட நிலைகுலைவிலிருந்து பொல்லாக் விலகி ஓடினார், சிக்கெய்ரோஸ் விரும்பியே வரவழைத்தார்.