தண்ணி இல்லாத ஆறு, டிரைவ் இல்லாத சர்வர்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். பாலாற்றைப் பார்த்தவர்களுக்கு முதலாவதை விளக்க வேண்டாம். மூன்றாவது 1981-லேயே தீர்ந்துவிட்டது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். இந்தப் பட்டியலில் நான்காவதாக ஒன்றைப் போன மே மாதம் காட்பாடியில் என் வீட்டு மாடி அறையில் நானே சேர்த்தேன்: டிரைவ் இல்லாத சர்வர்.

வீட்டுக் கோப்புகளை எல்லாம் வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓடிய கம்ப்யூட்டர்தான் என் சர்வர். அந்தப் பழைய பெட்டியின் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிப்போய், கரண்ட் போய் வந்தால் எழுந்திருக்கவே அடம்பிடிக்க ஆரம்பித்தது. செகண்ட் ஹாண்டில் ஒரு நல்ல கம்ப்யூட்டர் கிடைத்தது, வாங்கினேன். பழைய பெட்டியிலிருந்து, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் இருக்கும் சின்ன எஸ்.எஸ்.டி. (சுற்றும் தட்டு இல்லாத டிரைவ்), ஒன்றில் எழுதுவதை இன்னொன்றும் அப்படியே வைத்துக்கொள்ளும் 4 டிபி டிஸ்க் இரண்டு, இவற்றைக் கழற்றினேன். அதுவரை வெளியே யூ.எஸ்.பி.யில் தொங்கிக்கொண்டிருந்த 8 டிபி டிஸ்க்கையும், உள்ளேதான் இடம் இருக்கிறதே என்று பிளாஸ்டிக் கூட்டை உடைத்து எடுத்தேன். தங்கச்சி கல்யாண வீடியோ, அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட், பசங்க போட்டோ எல்லாம் இவற்றில்தான். எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டால், சர்வர் ஒன்றரை நிமிஷம் யோசித்துவிட்டு, அவசரநிலைத் திரை ஒன்றைக் காட்டி நின்றுவிட்டது.

அந்த ஒன்றரை நிமிஷத்துக்குக் காரணம் உண்டு. இப்போதைய லினக்ஸ்களில் பெரும்பாலானவை, ஆரம்பத்தில் ஏற்ற வேண்டிய டிரைவ் ஒன்று கண்ணில் படவில்லை என்றால் 90 நொடி காத்திருக்கும், அப்புறம் கைவிரித்துவிடும். எந்த டிரைவை எந்த இடத்தில் ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் இருக்கும். நான் எட்டு வருஷத்துக்கு முன் சோம்பேறித்தனமாக அதில் எஸ்.டி.பி., எஸ்.டி.சி. என்று எழுதி வைத்திருந்தேன். இவை டிரைவின் பெயரே கிடையாது. ரேஷன் கடை வரிசை மாதிரிதான், முதலில் கண்ணில் பட்டது எஸ்.டி.ஏ., அடுத்தது எஸ்.டி.பி. மதர்போர்டு மாறினால் வரிசை மாறும், சில சமயம் அதே மதர்போர்டில் அடுத்த முறை ஆன் செய்தாலே மாறும். கோட்டைக் கோயிலில் சாமி இல்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் லிங்கம் சத்துவாச்சாரியில் பத்திரமாக இருந்த கதைதான். டிரைவ் எங்கேயும் போகவில்லை, நாம்தான் பழைய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மருந்து, டிரைவில் பிரித்து வைக்கும் ஒவ்வொரு பகுதியையும், அதாவது பார்ட்டிஷனை, ஃபார்மட் செய்யும்போது அதற்குள்ளேயே எழுதப்படும் யூயூஐடி என்ற நீள அடையாள எண். டிரைவை எந்த போர்ட்டில் மாட்டினாலும், எந்தக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனாலும் அது கூடவே வரும். எஃப்எஸ்டேப்பில் அந்த எண்ணை எழுதி, ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டால், ஒரு டிரைவ் வராவிட்டாலும் சர்வர் எழுந்து உட்காரும், மிச்சத்தை நிதானமாகப் பார்க்கலாம். செய்தேன், எழுந்தது. இரண்டு 4 டிபியும் தெரிந்தன, 8 டிபி மட்டும் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் எல்லாரும் பயப்படுவார்கள், நானும் பயந்தேன், நேற்றுவரை யூ.எஸ்.பி.யில் ஓடிய டிஸ்க் ஆயிற்றே. மேலே விரலை வைத்துப் பார்த்தேன். ஓடும் ஹார்ட் டிஸ்க்கில் லேசான அதிர்வு இருக்கும், உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது அல்லவா. இதில் எதுவுமே இல்லை, கல் மாதிரி இருந்தது.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டருக்குள் இணைக்கும் முறைக்குச் சாட்டா என்று பெயர். சாட்டா டிரைவின் பின்னால் இரண்டு வாய் இருக்கும். சின்னது தகவலுக்கு, 7 பின். பெரியது கரண்ட்டுக்கு, 15 பின். அந்தப் 15-ல் முதல் மூன்று 3.3 வோல்ட்டுக்கு என்று ஆரம்பத்தில் ஒதுக்கினார்கள். ஆனால் பெரும்பாலான டிரைவ்கள் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இருந்தால் போதும் என்று அதைத் தொடவே இல்லை. பிறகு 2016-ல் வந்த சாட்டா 3.3 விதிமுறையில், சும்மா கிடந்த மூன்றாவது பின்னுக்கு ஒரு புது வேலை கொடுத்தார்கள்: அதில் மின்னழுத்தம் வந்தால் டிரைவ் அணைந்துகொள்ள வேண்டும். பெரிய டேட்டா சென்டர்களில் ஆயிரக்கணக்கான டிஸ்க் இருக்கும் இடத்தில், அசையாமல் நின்றுபோன ஒன்றை ஆள் போய்க் கழற்றி மாட்டாமல் தூரத்திலிருந்தே அணைத்துப் போட இது வசதி. நம் வீட்டுப் பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இந்தச் சேதி தெரியாது. அது பழைய விதிப்படி ஆரஞ்சு வயரில் 3.3 வோல்ட்டைக் கடமை தவறாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், டிஸ்க் அதை ‘படு, எழுந்திருக்காதே’ என்று புரிந்துகொண்டு படுத்தே கிடக்கும். யூ.எஸ்.பி. கூட்டுக்குள் இருந்த சின்ன பலகை அந்தப் பின்னுக்கு ஒன்றும் அனுப்பவில்லை, அதனால் அங்கே நன்றாக ஓடியது. இரண்டு பக்கமும் அவரவர் விதியைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறார்கள், நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

சரி, எப்படிச் சரிசெய்வது? சூடு தாங்கும் மஞ்சள் நிற காப்டன் டேப்பை நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, டிரைவின் கரண்ட் வாயில் முதல் மூன்று பின்களை மூடி ஒட்டினால் போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு, ட்வீசரில் பிடித்து, மூன்றாவது முயற்சியில் ஒட்டியது. கேபிளை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் டிஸ்க் மெல்ல ‘ங்ங்ங்’ என்று எழுந்த சத்தம் இருக்கிறதே, அப்படி ஒரு நிம்மதி. மோலெக்ஸ் என்ற பழைய நாலு பின் கரண்ட் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கன்வெர்ட்டரும் வேலை செய்யும், ஏனென்றால் மோலெக்ஸில் 3.3 வோல்ட்டே கிடையாது. ஆனால் அதில் பிளாஸ்டிக்கை வயர் மேலேயே உருக்கி வார்த்த மலிவு ரகம் ஒன்று வரும். உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்த கதைகள் நிறைய. நான் அதை வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன்.

மூன்று டிஸ்க்கும் வந்துவிட்டன, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரவு பெரிய நகல் ஒன்றை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் 4 டிபி ஜோடியில் ஒன்று காணோம், ஜோடி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. மறுபடி ஆன் செய்தால் வருகிறது, பெரிதாக எதையாவது எழுத ஆரம்பித்தால் போய்விடுகிறது. டிஸ்க்கைக் கழற்றிப் பக்கத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அவர் மாட்டிப் பார்த்துவிட்டு, “டிஸ்க் வீக் ஆயிடுச்சு சார், வேற போட்டுடுங்க” என்றார். ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு. எனக்கு மனசு ஒப்பவில்லை, எட்டு வருஷம் உழைத்தவன் பெட்டி மாறிய மறுநாளே ஏன் சாக வேண்டும்?

டிஸ்க் தன்னுடைய உடம்பைப் பற்றித் தானே ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்கும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். நிறைய எண்கள் இருக்கும், இந்த மாதிரி நேரத்தில் நான் பார்ப்பது நாலைந்துதான். 5-வது, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள். 197, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. 198, படிக்கவே முடியாது என்று கைவிட்டவை. இந்த மூன்றும் ஏறிக்கொண்டே போனால் நோய் டிஸ்க்குக்குள்ளே இருக்கிறது, முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. என்னுடைய டிஸ்க்கில் மூன்றுமே பூஜ்யம். ஆனால் 199-வது எண் 2,317.

199 என்பது சி.ஆர்.சி. பிழைகளின் கணக்கு. குடியாத்தத்திலிருந்து தீப்பெட்டி பண்டல் ஏற்றி அனுப்பும்போது, லாரியில் இத்தனை பண்டல் என்று ஒரு சீட்டும் கூடவே போகும் இல்லையா, இறக்குகிற இடத்தில் எண்ணிப் பார்த்து, ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள். சாட்டா கேபிளிலும் ஒவ்வொரு கட்டு தகவலோடும் 32 பிட்டில் இப்படி ஒரு சரிபார்ப்புச் சீட்டு போகிறது. ஒத்துப்போகாவிட்டால், திரும்ப அனுப்பு என்று கேட்டு, குறிப்பேட்டில் ஒன்று கூட்டிக்கொள்ளும். அனுப்பிய குடோனும் நன்றாக இருக்கிறது, வாங்கிய குடோனும் நன்றாக இருக்கிறது, கணக்கு மட்டும் இடிக்கிறது என்றால் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? வழியைத்தானே.

அந்த வழி எவ்வளவு நெருக்கடியானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாட்டாவின் வேகம் நொடிக்கு 600 கோடி பிட். கேபிளில் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு பிட்டின் நீளம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம், கட்டைவிரலின் மேல் கணு அளவு. அரை மீட்டர் கேபிளுக்குள் எந்த நேரமும் ஏறத்தாழ 15 பிட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கேபிளை மடக்கி, மூடிக்குள் திணித்து, எட்டு வருஷத் தூசி படிந்த முனையை மறுபடி சொருகினால் பிட் சிதறாமல் என்ன செய்யும்? இந்தக் கேபிள் முனைகளை 50 தடவை சொருகி எடுக்கத் தாங்கினால் போதும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். நிறையப் பிழை வந்தால் கம்ப்யூட்டர் வேகத்தை 600 கோடியிலிருந்து 300 கோடியாக, பிறகு 150 கோடியாகக் குறைத்துப் பார்க்கும், அதற்கும் மசியாவிட்டால் டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதும் பதிவில் இதெல்லாம் வரிவரியாக இருக்கும். என் பதிவில் ராத்திரி முழுக்க நடந்த அந்த இறங்குமுகம் அப்படியே இருந்தது.

உறுதிசெய்ய ஒரு சின்னச் சோதனை. இரண்டு 4 டிபிக்கும் கேபிளை மட்டும் மாற்றி மாட்டினேன். தொல்லை கேபிளோடு போனால் கேபிள் குற்றவாளி, போகாமல் அதே டிஸ்க்கிலேயே நின்றால் டிஸ்க் அல்லது அதன் மதர்போர்டு போர்ட். கேபிளோடு போனது. நூறு ரூபாய் சொச்சத்தில் புதுக் கேபிள் வாங்கினேன். ஒன்றை நினைவில் வையுங்கள், 199-வது எண் தானாகக் குறையாது, பழைய பாவக்கணக்கு அப்படியே நிற்கும். மேலும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

இதே அறிகுறி கரண்ட் பற்றாக்குறையிலும் வரும். 3.5 அங்குல டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதாவது ஒன்றுக்கு 24 வாட், மூன்றும் சேர்ந்து எழுந்தால் 72. ஒரே வயரில் பிரித்துப் பிரித்து மூன்றையும் தொங்கவிட்டால் அந்த நேரத்தில் மின்னழுத்தம் தொய்யும். அப்போது ஸ்மார்ட்டில் 12-வது எண்ணைப் பாருங்கள், டிஸ்க் எத்தனை தடவை ஆன் ஆனது என்ற கணக்கு அது. நீங்கள் அணைக்காமலேயே அது ஏறினால் கரண்ட்தான் விட்டு விட்டு வருகிறது.

வேறு சில விஷயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். சில மதர்போர்டுகளில் எம்.2 என்ற சின்ன எஸ்.எஸ்.டி. சொருகும் இடத்தில் ஒன்றை மாட்டினால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு செத்துவிடும், இரண்டுக்கும் ஒரே பாதை, மேனுவலில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆன் செய்ததும் வரும் பயாஸ் அமைப்புத் திரையில் டிரைவ் முறை ‘ரெய்டு’ என்று இருந்தால் சில கம்ப்யூட்டர்களில் லினக்ஸுக்கு டிரைவே தெரியாது, ஏ.ஹெச்.சி.ஐ. என்ற இன்னொரு முறைக்கு மாற்ற வேண்டும். டிஸ்க்குகளைச் சேர்த்துக் கோப்புகளை வைக்கும் இசட்எஃப்எஸ் முறையில் வைத்திருப்பவர்களுக்கு, இது வேறு கம்ப்யூட்டர் பயன்படுத்தியது என்று அது முறைக்கும். பழைய பெட்டியில் முறைப்படி எக்ஸ்போர்ட் செய்துவிட்டு வந்திருந்தால் முறைக்காது, பழைய பெட்டி நிஜமாகவே அணைந்துதான் இருக்கிறது என்றால் வற்புறுத்தி இம்போர்ட் செய்யலாம்.

குடியாத்தத்தில் இருக்கும் என் மச்சானுக்கு நடந்தது இன்னும் விசேஷம். பழைய 3 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அவரும் என்னைப் பார்த்துக் கூட்டிலிருந்து எடுத்து உள்ளே மாட்டியிருக்கிறார், போன் வந்தது.

“மாமா, டிஸ்க் காலியா இருக்குன்னு காட்டுது. இனிஷியலைஸ் பண்ணவான்னு கேக்குது. ஓகே குடுத்துடவா?”

“கைய எடு மொதல்ல!”

டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்று குறிக்கும் பழைய எம்.பி.ஆர். பார்ட்டிஷன் பட்டியலால், 512 பைட் செக்டர்களை வைத்து 2.2 டிபிக்கு மேல் எண்ண முடியாது. அதைத் தாண்ட, அந்தக் காலத்து யூ.எஸ்.பி. கூடுகள் சில ஒரு தந்திரம் செய்தன: எட்டு செக்டரைச் சேர்த்து 4,096 பைட்டில் ஒரே செக்டர் என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லின. கூட்டை எடுத்துவிட்டால் பொய் சொல்ல ஆளில்லை. 4,096 பைட் கணக்கில் எழுதிய பட்டியலை 512 பைட் கணக்கில் படிக்கிறது, எட்டு மடங்கு தப்பான இடத்தில் தேடுகிறது, ஒன்றும் கிடைக்காமல் காலி என்கிறது. அவர் ஓகே கொடுத்திருந்தால் சரியான பட்டியலின் மேல் வேறொன்று எழுதப்பட்டிருக்கும். திரும்பக் கூட்டில் மாட்டச் சொன்னேன், எல்லாக் கோப்பும் அப்படியே இருந்தன. வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு, அப்புறம் உள்ளே மாட்டிப் புதிதாக ஃபார்மட் செய்தார்.

கடைசியாக வெயில். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூருக்குப் புதிதில்லை, மாடி அறை அதற்கும் மேல். ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் 60 டிகிரி வரை என்று எழுதி வருகின்றன, புதுப் பெட்டி சின்னது, முதல் நாள் மதியம் டிஸ்க் 56-ஐத் தொட்டது. முன்னால் ஒரு 12 செ.மீ. ஃபேன் வைத்தேன், 47-க்கு வந்தது. பெட்டியையும் மாடியிலிருந்து கீழ் ஹாலுக்கு இறக்கிவிட்டேன், டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அது நிற்பது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

பெட்டியின் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, புதுக் கேபிள் போட்ட தேதியையும் 2,317 என்ற எண்ணையும் பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று காலையும் பார்த்தேன், 2,317-லேயே நிற்கிறது.