வென் அதர்ஸ் போட்டிருக்கிறேனே, அப்புறம் எப்படி?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஆரக்கிள் டேட்டாபேஸில், அதன் பிஎல்/எஸ்க்யூஎல் மொழியில் எழுதி இரவு ஓடும் சம்பளப் பட்டியல் ஜாப் பாதியில் நின்றுவிட்டது. எரர் லாக் டேபிளைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை. எழுதிய தம்பியைக் கேட்டேன். வென் அதர்ஸ் என்பது, தனியாகப் பெயர் சொல்லாத மற்ற எரர்களைப் பிடிக்க நிரலின் கடைசியில் எழுதும் பகுதி. "வென் அதர்ஸ் போட்டிருக்கேன் சார், எந்த எரர் வந்தாலும் லாக் ஆகிடும். யாராவது ஜாபை கில் பண்ணியிருப்பாங்க, டிபிஏவைக் கேளுங்க" என்றார்.

டேட்டாபேஸைப் பராமரிக்கும் அந்த டிபிஏ நான்தான்.

ஜாபை நேரத்துக்கு ஓட்டும் ஷெட்யூலரில் பார்த்தால் ஓஆர்ஏ-06502, அதாவது மதிப்பு தொடர்பான எரர். அதற்குக் கீழே, எரர் எந்த வரியில் என்று காட்டும் ஓஆர்ஏ-06512, லைன் 4. அந்த நாலாவது வரி, செயல் வரிகள் தொடங்கும் பிகினுக்கு மேலே இருந்தது. ஊர்ப் பெயருக்கு ஒரு வார்கேர்2(20) மாறி, அதாவது 20 அளவு வரை எழுத்துகளை வைக்கும் இடம்; அறிவிக்கும்போதே := போட்டு, பாராமீட்டரில் வருவதை அதில் வைத்திருந்தார். ஊர்கள் ஆங்கிலத்தில் வந்தவரை ஒரு வம்பும் இல்லை. அன்று 'கும்பகோணம்' தமிழில் வந்திருக்கிறது. கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் துணைக்குறியும் சேர்த்து 10 குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 30. அடைப்புக்குள் 20 என்று மட்டும் எழுதினால் ஆரக்கிள் வழக்கமாக அதை பைட் கணக்கில்தான் எடுத்துக்கொள்ளும். 20 கேர் (குறியீட்டுக் கணக்கு) என்று எழுதியிருந்தால் அன்று தப்பித்திருக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

வென் அதர்ஸ் எல்லாவற்றையும் பிடிக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு பிளாக்கின், அதாவது அறிவிப்பு முதல் எண்ட் வரையான நிரல் துண்டின், எரரைப் பிடிக்கும் எக்ஸெப்ஷன் பகுதி, அதே பிளாக்கின் பிகினுக்குக் கீழே நடப்பதை மட்டும்தான் பார்க்கும். பிகினுக்கு மேலே, மாறிகளை அறிவிக்கும் இடத்தில் வெடித்தால் அது நேரே வெளி பிளாக்குக்குப் போய்விடும். வெளி பிளாக் இல்லையென்றால், அழைத்தவர் தலையில். நோ டேட்டா ஃபவுண்ட், வேல்யூ எரர் என்று எத்தனை வென் வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் அசையாது. "என் ப்ரொசீஜரில் டிக்ளேர் என்ற வார்த்தையே இல்லையே" என்கிறார்கள். ப்ரொசீஜரின் தலைப்பு முடியும் ஐஎஸ்ஸுக்கும் பிகினுக்கும் நடுவில் இருப்பது வேறென்ன, மாறிகளை அறிவிக்கும் அதே இடம்தானே? இது ஆரக்கிள் பக் என்று டிக்கெட் போட்டவரும் உண்டு. பக் இல்லை. பிஎல்/எஸ்க்யூஎல் எந்த மொழியைப் பார்த்து உருவானதோ அந்த அடாவிலும் இதே விதிதான்.

எண்ணும் எழுத்தும் மட்டும்தான் இப்படிப் படுத்தும் என்று நினைக்காதீர்கள். அறிவிக்கும் இடத்திலேயே ஒரு ஃபங்ஷனை அழைத்து, அது உள்ளே செலக்ட் இன்ட்டோ போட்டு டேபிளில் தேடி ஒன்றும் கிடைக்காமல் போனாலும் கதை இதுதான். எழுத்தை எண்ணாக்கும் டூ நம்பருக்கு '1,250' என்று கமாவோடு வந்தாலும் இதுதான்.

ஆகவே, தயவுசெய்து: மேலே பெயரையும் வகையையும் மட்டும் எழுதுங்கள். பூஜ்யம், 'ஒய்' மாதிரி உறுதியான மதிப்புகள் இருக்கட்டும். வெளியிலிருந்து வரும் எதையும் பிகினுக்குக் கீழே முதல் வரியில் கொடுங்கள். கான்ஸ்டன்ட்டுக்கு அங்கேயே மதிப்பு கொடுத்தாக வேண்டும். அப்போது மொத்தத்தையும் இன்னொரு பிகின்-எண்ட் போட்டுச் சுற்றி, எரரைப் பிடிக்கும் ஹேண்ட்லரை வெளியே வையுங்கள். அந்த ஹேண்ட்லரில் லாக் எழுதிவிட்டு, எரரை மறுபடி மேலே அனுப்பும் ரெய்ஸ் போட மறக்காதீர்கள். ஒன்றுமே செய்யாத நல் என்று எழுதி மூடுபவர்களோடு எனக்குத் தனிக் கணக்கு இருக்கிறது.

பல ப்ரொசீஜர்களைச் சேர்த்து வைக்கும் பேக்கேஜின் மாறிகள் என்றால் இன்னும் கவனம். அவற்றை அறிவிக்கும் இடத்தில் வெடித்தால், ஆரக்கிளின் 11ஜி பதிப்பில் முதல் அழைப்பு எரர் கொடுக்கும். அதே செஷனில் இரண்டாவது அழைப்பு சத்தமே இல்லாமல் ஓடும், மாறி மட்டும் காலியாக இருக்கும். "ரீட்ரை பண்ணினேன், சரியாகிடுச்சு" என்று ஒருவர் மெயில் போட்டார். அந்த மாதம் வீட்டு வாடகைப் படி எல்லாருக்கும் காலி.

தம்பி அந்த ஒரு வரியைக் கீழே இறக்கிவிட்டார். மறுநாள் இரவும் கும்பகோணத்துக்காரருக்கு எரர் வந்தது, இந்த முறை லாக் டேபிளில். காலையில் 20ஐ 60 கேர் ஆக்கினோம்.