பழைய பாட்டுதானே, யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த வாரமும் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு சின்ன அரங்கில் பர்லெஸ்க் (கேலியும் ஆடை களையும் ஆட்டமும் கலந்த மேடைக் கலை) நிகழ்ச்சி நடத்தி, மூன்று கேமரா வைத்துப் படம் பிடித்து, எடிட் செய்து, யூடியூபில் ஏற்றிய மறுநாளே ஒலி முடக்கப்பட்டிருக்கிறது. "சார், அது 1920களின் இசை, காப்பிரைட் எல்லாம் எப்போதோ முடிந்திருக்கும், இவர்கள் எப்படித் தடுக்கலாம்?" என்று கோபமாகக் கேட்டிருந்தார் நிகழ்ச்சியை நடத்தியவர். இணைப்பைத் திறந்து பார்த்தேன். திறக்காமலேயே சொல்லியிருப்பேன், டேவிட் ரோஸின் 'தி ஸ்ட்ரிப்பர்'தான். இவர்கள் எல்லோருக்கும் அதே பாட்டு, அதே நம்பிக்கை, அதே கோபம்.

நான் நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு நாடகங்களுக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கும் வீடியோக்களுக்கும் இசை உரிமம் வாங்கித் தருகிறவன். பெரும்பாலும் படிவம் நிரப்புவதும் பதில் வராத மின்னஞ்சலுக்கு நினைவூட்டல் அனுப்புவதும்தான் பிழைப்பு. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் எல்லாம் முடிந்தபிறகு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாட்டின் வயதைப் பேசிவிடுவோம், ஏனென்றால் என் எரிச்சலில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு இறங்கும் டிராம்போன், ஒவ்வொரு அசைவுக்கும் டமார் என்று ஓர் அடி. இதைக் கேட்டவுடனே எல்லோர் மனத்திலும் புகை மண்டிய பழைய நியூயார்க் அரங்கு, அங்கே பர்லெஸ்க் அரங்குகள் நடத்திய மின்ஸ்கி சகோதரர்கள், போலீஸ் ரெய்டு எல்லாம் வந்துவிடும். டேவிட் ரோஸ் 1910இல் லண்டனில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்து, ஹாலிவுட்டில் வானொலிக்கும் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைத்தவர். வயலின்கள் கொஞ்சும் மென்மையான இசைக்குப் பெயர்போனவர். பிற்பாடு 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி' என்ற குடும்பத் தொடருக்கு இசை போட்டவரும் அவரேதான். இந்தத் துண்டை 1958இல் பதிவு செய்தார், நான்கு வருடம் அப்படியே கிடந்தது. 1962இல் 'எப் டைட்' என்ற வேறொரு பாட்டின் இசைத்தட்டுக்கு மறுபக்கம் ஏதாவது வேண்டும் என்பதற்காக எம்ஜிஎம் நிறுவனம் இதைப் போட்டது. மறுபக்கம்தான் ஓடியது, ஜூலையில் பில்போர்டு பட்டியலின் முதலிடம் வரைக்கும் போனது. அறுபதுகளின் பின்பாதியில் ஒரு ஷேவிங் கிரீம் விளம்பரத்தில் வந்து வீடு வீடாக நுழைந்தது.

நியூயார்க் மேயர் லா கார்டியா மின்ஸ்கி அரங்குகளுக்கு உரிமம் தர மறுத்து இழுத்து மூடியது 1937இல். விளம்பரப் பலகையில் பர்லெஸ்க் என்ற சொல்லையே போடக்கூடாது என்ற அளவுக்குப் போனார்கள். அதாவது நீங்கள் "அந்தக் காலத்து இசை" என்று நினைப்பது, அந்தக் காலம் முடிந்து இருபத்தைந்து வருடம் கழித்துக் கடைக்கு வந்தது. மின்ஸ்கி மேடையில் ஆடிய ஒருத்தரும் அங்கே அதற்கு ஆடியதில்லை. அது பர்லெஸ்க்கைப் பற்றி ஹாலிவுட்காரர் ஒருவர் அடித்த ஜோக். நல்ல ஜோக்தான், மறுக்கவில்லை. ஆனால் 1962இல் வெளியான ஜோக். அமெரிக்கச் சட்டப்படி அந்த மெட்டு 2050களின் பின்பாதி வரைக்கும் இன்னொருவர் சொத்து. அந்த இசைத்தட்டில் இருக்கும் ஒலிப்பதிவு 2067 பிப்ரவரி வரைக்கும் இன்னொருவர் சொத்து.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மெட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. நம்மூரில் மனை ஒருவர் பெயரிலும் அதன்மேல் கட்டிய வீடு இன்னொருவர் பெயரிலும் இருந்தால் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்காமல் யாராவது அட்வான்ஸ் கொடுப்பார்களா? வில்லங்கம் போட்டுப் பார்ப்போம் இல்லையா? பாட்டுக்கு மட்டும் ஏன் அந்த அக்கறை வருவதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, உண்மையிலேயே பழையது எது? 1868இல் ஆங்கில நடிகை லிடியா தாம்சன் தன் குழுவோடு லண்டனிலிருந்து நியூயார்க் வந்து இறங்கியபோது பர்லெஸ்க் என்றால் கேலி நாடகம். கிரேக்கப் புராணத்தையும் ஓபராவையும் கிண்டல் செய்வார்கள். ஊருக்கே தெரிந்த மெட்டில் சிலேடையாக வேறு வார்த்தைகளைப் போட்டுப் பாடுவார்கள். பெண்கள் ஆண் வேடத்தில் இறுக்கமான காலுறையோடு வந்ததுதான் அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி, ஆடை களைவதெல்லாம் கிடையாது. அந்தக் காலத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு சாக்ஸபோனை ஊதவிடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மெட்டுகள் ஏராளமாக இருக்கின்றன, அச்சிட்ட இசைத்தாள்களே கிடைக்கும், எல்லாம் இலவசம். யாரும் எடுப்பதில்லை!

பாம்பாட்டி மெட்டு என்று மேற்கத்திய கார்ட்டூன்களில் எல்லாம் வருமே, அதுவும் இந்த வரலாற்றில் ஒரு துண்டுதான். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் கீழை நாட்டு நடனங்கள் என்று ஒரு பகுதி வைத்தார்கள். அதன் பொறுப்பாளர் சால் ப்ளூம், பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் பியானோவில் அந்த இடத்திலேயே தட்டிய மெட்டு அது என்று பின்னாளில் எழுதினார். அதற்கு முன்பே வட ஆப்பிரிக்க, பிரெஞ்சு மெட்டுகளில் அந்தச் சாயல் இருந்தது என்பவர்களும் உண்டு. ப்ளூம் அதைப் பதிவு செய்யவில்லை. ஜேம்ஸ் தார்ன்டன் உட்படப் பலர் எடுத்துப் பாட்டாக்கிக் காசு பார்த்தார்கள். ப்ளூம் பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி, வெளியுறவுக் குழுவின் தலைவராகவும் இருந்தார், ஆனாலும் அந்த மெட்டை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவருக்குத் தீரவில்லை. என் தொழிலில் இருப்பவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் கதை இதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது வருடங்களில் 'பர்லெஸ்க் இசை' என்று தனியாக ஒன்று பெரிதாக இருக்கவில்லை. மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்து வாசிக்கும் சின்னக் குழு, அந்த வருடம் தெருவில் எது ஓடுகிறதோ அதை வாசித்தது. 1914இல் டபிள்யூ. சி. ஹேண்டி வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்', 1919இல் சீக்ஃபெல்ட் ஃபாலிஸ் என்ற ரெவ்யூவுக்காக (பாட்டும் ஆட்டமும் கலந்த ஆடம்பர மேடை நிகழ்ச்சி) இர்விங் பெர்லின் எழுதிய 'எ ப்ரெட்டி கேர்ள் இஸ் லைக் எ மெலடி' போன்றவை. பின்னது ஒரு கண்ணியமான ரெவ்யூ பாட்டு. பர்லெஸ்க்காரர்கள் அதைத் தங்கள் தேசிய கீதம் மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். இந்த இசையின் உண்மையான ருசி மெட்டில் இல்லை, டிரம்மரின் கண்ணில்தான் இருந்தது. அவர் இசைத்தாளைப் பார்க்கமாட்டார், ஆடுகிறவரின் இடுப்பையும் தோளையும் பார்ப்பார். இடுப்பு வெட்டினால் டாம்டாமில் ஓர் அடி, கையுறை கழன்று விழுந்தால் சிம்பலில் ஒரு தட்டு, நிறுத்தி முறைத்தால் உருட்டிக்கொண்டே காத்திருப்பார். அதே டிரம்மர்தான் முன்னும் பின்னும் வரும் கோமாளி வழுக்கி விழும்போதும் அடித்துக் கொடுப்பார். அதைப் பெரும்பாலும் யாரும் பதிவு செய்யவில்லை. அதனால்தான் முப்பதுகளின் 'ஒரிஜினல் பர்லெஸ்க் இசை' என்று இணையத்தில் தொகுப்பு விற்கிறவர்களை நான் நம்புவதில்லை. உள்ளே பார்த்தால் அறுபதுகளின் ஸ்டூடியோ இசை இருக்கும்.

ஐம்பதுகளில் நிலைமை மாறுகிறது. டெனர் சாக்ஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ், இரவு விடுதி. ஏர்ல் ஹேகன் 1939இல் எழுதிய 'ஹார்லெம் நாக்டர்ன்' அந்த மேடைகளில் நிலைத்துவிட்டது. அதை விடவும் 'நைட் ட்ரெயின்'. ஜிம்மி ஃபாரஸ்ட் 1951இல் பதிவு செய்து, 1952இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. சாக்ஸபோன் இரவுரயில் மாதிரி இழுத்துக்கொண்டு போகும், ஆடுகிறவருக்கு அதை விட வசதியான வேகம் கிடையாது. அதன் மூலப்பத்திரத்தைத் தேடிப் போனால் தலை சுற்றும். ஃபாரஸ்ட் அதற்கு முன் ஜாஸ் இசையமைப்பாளர் ட்யூக் எலிங்டனின் குழுவில் வாசித்தவர். எலிங்டனின் 1946ஆம் வருடத்து ரயில் இசை ஒன்றின் துண்டு இதில் அப்படியே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1940இல் சாக்ஸ் கலைஞர் ஜானி ஹாட்ஜஸ் வாசித்த ப்ளூஸிலும் இதன் ஆரம்பம் இருக்கிறது. இசைத்தட்டிலோ ஃபாரஸ்டோடு இன்னும் இருவர் பெயர், அதில் ஒருவர் அந்த இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவர். "பழைய பாட்டுதானே" என்கிறவர்களிடம் இதைத்தான் காட்டுவேன். அந்த ஒலிப்பதிவுக்கு அமெரிக்காவில் 110 வருடக் கணக்கு, 2062 முடியும்வரை தொடக்கூடாது.

அறுபதுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1962இல் முன்னாள் பர்லெஸ்க் நட்சத்திரம் ஆன் கோரியோ பழைய பர்லெஸ்க்கை நினைவுகூரும் மேடை நிகழ்ச்சியைத் தொடங்கினார், அதையொட்டி "வீட்டிலேயே ஆடிப் பாருங்கள்" வகை இசைத்தட்டுகள் விற்றன. 1964இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் காண்டோர் கிளப்பில் கேரல் டோடா மேலாடையின்றி ஆடத் தொடங்கியதோடு வாத்தியக் குழுக்களின் காலம் வேகமாக இறங்கியது. ரெக்கார்டு போட்டால் போதும், டிரம்மருக்கு எதற்குச் சம்பளம்? தொண்ணூறுகளில் பர்லெஸ்க்குக்கு மறுபடி உயிர் வந்தபோது ஸ்விங் இசை, ராக், பங்க் என்று கையில் கிடைத்ததற்கெல்லாம் ஆடினார்கள். அது தப்பில்லை, சொல்லப்போனால் அதுதான் மரபு. ஆனால் இப்போது எல்லாவற்றையும் செல்ஃபோனில் படம் பிடிக்கிறார்களே, பிரச்சினை அங்கேதான்.

அரங்கத்துக்காரர் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற, பாட்டு எழுதியவர்கள் சார்பில் கட்டணம் வசூலிக்கும் அமைப்புகளுக்குக் கட்டணம் கட்டியிருந்தால் மேடையில் பாட்டுப் போட்டு ஆடுவதோடு சரி. கட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள், கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். வீடியோவுக்கு அது செல்லாது. படத்தோடு மெட்டைச் சேர்க்க வெளியீட்டாளரிடம் ஓர் அனுமதி, ஒலிப்பதிவுக்கு இசை நிறுவனத்திடம் இன்னோர் அனுமதி. பர்லெஸ்க் நட்சத்திரம் ஒருவரின் கதையைச் சொல்லும் 'ஜிப்ஸி' இசை நாடகத்துப் பாட்டை அதே பாத்திரம் போல் உடுத்தி, அதே காட்சியாக ஆடுகிறீர்கள் என்றால் அரங்கத்தின் கட்டணமே போதாது, நாடக உரிமை தனியாக வாங்க வேண்டும். 1959ஆம் வருடத்து நாடகம் அது, ஜூல் ஸ்டைன் இசை, சோன்ட்ஹைம் வரிகள். அவர்கள் தரப்பு கவனமாக இருப்பார்கள், இருக்கத்தான் வேண்டும்.

"ராயல்ட்டி ஃப்ரீ" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். யாரோ ஏற்றிய கோப்புக்கு யாரோ கொடுத்த பட்டம் அது. "பத்து நொடிதானே", "நான் இதில் காசு பண்ணவில்லையே", "விளக்கத்தில் உரிமையாளர் பெயரைப் போட்டிருக்கிறேன்" போன்றவற்றையும் என்னிடம் சொல்லாதீர்கள், இந்தச் சாக்கு எதற்கும் அனுமதியின் மதிப்புக் கிடையாது. எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கிளப் டான்ஸ் பாட்டுகளைப் போட்டு ஆடலாமா என்று நம்மவர்கள் சிலர் கேட்கிறார்கள். அருமையான யோசனை, அந்தப் பாங்கோவுக்கும் டிரம்பெட்டுக்கும் இந்த மேடையோடு உறவு உண்டு. ஆனால் அந்தப் பாட்டுகளுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

நிஜமாகவே இலவசமாக வேண்டுமா? அமெரிக்காவில் 1922 வரை வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி முதல் எல்லோருக்கும் பொது. 1923ஆம் வருடத்துப் பதிவுகள் 2024இல் வந்தன, அதன்பின் வருடம் ஒன்றாக வருகின்றன. மெட்டுகளுக்கு 95 வருடம். ஆனால் 1914 மெட்டை எடுத்து 1958இல் யாரோ பதிவு செய்ததைப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள், தயவுசெய்து. இந்தத் தவறுதான் 'தி ஸ்ட்ரிப்பர்'க்கு அடுத்தபடி என் அலுவலகத்துக்கு அதிகம் வருவது.

என்னைக் கேட்டால், ஒரு டிரம்மரையும் ஒரு சாக்ஸ் கலைஞரையும் கூட்டி வந்து, ஆடுகிறவரை அவர்கள் கண்முன்னால் ஆடவிட்டு, ஒரு மதியத்தில் புதிதாக ஒன்றைப் பதிவு செய்யுங்கள். பாணி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் 'நைட் ட்ரெயின்' மாதிரியே வேண்டும் என்று வாத்தியக்காரரிடம் பாட்டைப் போட்டுக் காட்டாதீர்கள், வேகத்தைச் சொல்லுங்கள், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள், போதும். அனுமதி வாங்குவதுதான் வழி என்றால் நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். எந்தப் பாட்டு, யாருடைய பதிவு, எத்தனை நொடி, எங்கே வெளியாகும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. புதிதாகப் பதிவு செய்கிறீர்கள் என்றால், வாசித்த இரண்டு பேரிடமும் உரிமை யாருக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கு முன்பே.